திங்கட்கிழமை வந்த அப்டேட்

திங்கட்கிழமை காலை ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைப் போட்டதும், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டிவிட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டது. அவர் ஷட்டரை ஏற்றினார். வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினார். டீயைக் குடித்துவிட்டு வந்து பார்த்தார். பாதிதான் ஆகியிருந்தது.

"நாம கேட்டோமா? கேக்காம வந்து நடுவீட்டுல உக்கார்ற விருந்தாளி மாதிரி" என்றார்.

அவர் மனைவிக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. இரண்டு வாரமாக விடாத மழை. ஆல்பத் தாள்கள் ஈரத்தில் ஓரம் சுருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பழைய துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் லேசாக அழுத்தி எடுக்க வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் படம் மஞ்சளாகிவிடும். அவளுக்குக் கவனமெல்லாம் அதில் இருந்தது. அந்தத் தெருவில் அவளை ஆல்பக்காரி என்றுதான் சொல்வார்கள். முகங்களைச் சரிசெய்வது அவர் வேலை. அடுக்கி, வெட்டி, ஒட்டுவது அவள் வேலை. முன்னறை ஸ்டூடியோ, ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான்.

ஒன்பதரைக்கு அப்டேட் முடிந்தது. போட்டோ திருத்துகிற மென்பொருளும் கூடவே புதுசாகியிருந்தது. அவர் தையல்காரம்மா கொடுத்திருந்த படத்தைத் திறந்தார். ஒரு தொழிற்சாலையில் எல்லோரையும் நிறுத்தி எடுத்த குரூப் போட்டோ அது. பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பவள் தையல்காரம்மாவின் தங்கை. போன மாதம் இறந்துபோனாள். அவள் சிரித்த முகத்தோடு இருக்கிற படம் இது ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள் தையல்காரம்மா. முகம் சுண்டுவிரல் நகத்தளவு.

முகத்தைப் பெரிதாக்கினார். நெற்றியில் ஒரு கறுப்புக் கட்டம் விழுந்தது. இன்னும் பெரிதாக்கினார். கன்னத்தில் இரண்டு. படத்தை நகர்த்தினால் கட்டங்கள் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டன. பிரஷ்ஷை வைத்து இழுத்தால் கோடு உடனே வராமல், தூக்கத்திலிருந்து எழுந்து வருகிற ஆள் மாதிரி பின்னாலேயே வந்தது. கடைசியில், படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டில் சிக்கல் இருக்கிறது என்று ஒரு பெட்டி எழும்பியது.

"இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். "உனக்குத் தெரியுதா?"

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். "தெரியுதே. கறுப்பு கறுப்பா கட்டம்."

"தெரியுதுல்ல?"

"நல்லா தெரியுதுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த மாதிரி நேரத்தில் மேசையைத் தட்டுகிற மனிதர் அவர். அன்றைக்குத் தட்டவில்லை.

செவ்வாய் முழுக்க அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். தையல்காரம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை காலை ரயிலில் அவள் தங்கையின் வீட்டுக்குப் போகிறாள். படத்தைக் கொண்டுபோய் அங்கே சுவரில் மாட்ட வேண்டும்.

"ரெண்டு பிள்ளைங்கம்மா" என்றாள், குடையை மடக்கிக்கொண்டே. "பெருசு பரவாயில்ல, ஏழு வயசு. சின்னதுக்கு ரெண்டுகூட முடியல. போன்ல பேசினா 'அம்மா எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப அஞ்சாறு நாளா கேக்கறதில்ல. அதுதான் எனக்குத் தாங்கல."

"வெள்ளிக்கிழமை கண்டிப்பா கிடைக்கும்க்கா" என்றாள் இவள். சொன்ன வாய்க்குத்தான் தெரியும் அதில் எவ்வளவு தைரியம் இருந்தது என்று.

அன்று மாலை பின்பக்கம் துணி எடுக்கப் போகிற மாதிரி போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் தொழில். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். ஊரில் பேரே அதுதான், திருப்புளி. மூன்று மாதமாக அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவன் வாங்கி மாட்டிக்கொடுத்த மானிட்டரில் கோடெல்லாம் வளைந்து தெரிகிறது, பழசைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டான் என்று ஸ்டூடியோக்காரர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"நான் எதுக்குக்கா வரணும்? திருடன் கைய வெச்சா இன்னும் என்னென்ன காணாம போகுமோ."

"டேய், அவருக்கு வாய் அப்படி. உனக்குத் தெரியாதா?"

"வாய் அப்படின்னா கடிச்சா வலிக்காதா?"

அவள் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அவருக்காக வராதே. போன மாசத்துலேர்ந்து நாலு வேலை திரும்பி வந்திடுச்சுடா. ஸ்கூல் குரூப் போட்டோவுல ஹெட்மாஸ்டர் மூஞ்சிய முட்டை மாதிரி வழிச்சு வெச்சிருக்காரு. மெஷின்தான் காரணம்னு சொல்றாரு. எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

மறுநாள் பத்து மணிக்கு அவன் வந்தான். நனைந்த ரெயின்கோட்டை வாசலிலேயே கழற்றி மாட்டினான்.

"வா மாப்ள" என்றார் ஸ்டூடியோக்காரர், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"ம்" என்றான் அவன்.

அவள் டீ வைத்து, ரொட்டியை நெய் தடவிச் சுட்டுக் கொண்டுவந்தாள். தம்பி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டே மெஷினைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, தூசியை ஊதி, திரும்பச் செருகினான். முதலில் அதே படத்தைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். கட்டம் இல்லை.

"படத்துல குத்தம் இல்ல, காட்டறதுலதான் குத்தம். வயித்துல பால வார்த்துச்சு" என்றான். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான்.

மென்பொருளில் செட்டிங்கைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்து என்று இருந்த இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு, மூடித் திறந்தான். கட்டங்கள் போய்விட்டன. ஆனால் ஒரு தடவை பெரிதாக்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் போலிருந்தது.

"பாத்தியாக்கா, கார்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு டிரைவர் இருக்கான். கம்ப்யூட்டர் சொல்றத கார்டுக்குச் சொல்றவன். அப்டேட்ல பழைய டிரைவர வெளிய தள்ளிட்டு புதுசா ஒருத்தன் வந்து உக்காந்துட்டான். அவனும் கார்டும் ஒரே வீட்டுல புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்துக்கிட்டு பேசிக்கறதில்ல."

அவள் சிரித்தாள். ஸ்டூடியோக்காரர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கையால் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

புது டிரைவரை அடியோடு நீக்கி, பழையதைத் தேடி இறக்கி ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. சாப்பாட்டுக்கு முட்டையும் சோறும். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தம்ளரில் ஊற்றினார். பாதி தம்ளருக்கு வெளியே போனது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

இரண்டரை மணிக்குத் தம்பி திரும்பவும் டிக்கைப் போட்டுப் படத்தைத் திறந்தான். தங்கையின் முகம் வந்தது. பெரிதாக்கினான், சுருக்கினான், நகர்த்தினான். ஒரு கட்டம் இல்லை. பிரஷ் கையோடு கையாக வந்தது.

"முடிஞ்சுது. இனிமே இது தானா அப்டேட் ஆகாதபடி நிறுத்திட்டேன். உக்காந்து பாருங்க மாமா."

காலையிலிருந்து முதல் தடவையாக மாமா என்றான். அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். கன்னத்தில் இருந்த கீறலின் மேல் பிரஷ்ஷை வைத்து இழுத்தார். கீறல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணின் ஓரம் அழிந்துபோனது.

"இன்னும் சரியாகல" என்றார்.

"என்ன சரியாகல?"

"அதே கோளாறுதான். நடுவுல மங்கலா இருக்கு. வளையுது."

"மாமா, எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"உனக்கு வேலை முடிஞ்சா சரி. உக்காந்து பாக்கறவன் நான்."

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான், வாய்க்குள். எல்லோருக்கும் கேட்டது.

அவள் "டேய்" என்றாள்.

"இருக்கா. இன்னிக்கு இத ஒரு வழி பண்ணிட்டுத்தான் போவேன். அப்புறம் மறுபடியும் பழசத் தலையில கட்டிட்டான்னு பேர் வரக்கூடாது." வெள்ளையாக ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தான். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் போட்டான். கணக்கு நோட்டு மாதிரி திரை முழுக்கக் கட்டம். "இப்ப சொல்லுங்க. எந்தக் கோடு வளையுது?"

அவர் விரலை நீட்டினார். "இதோ. இது உள்ள போகுது. இங்க ரெண்டு ஒட்டிக்குது. நடுவுல அழுக்கு மாதிரி ஒரு இடம், அங்க கோடே இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். கோடுகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

தம்பி அவளைப் பார்த்தான். அந்தக் கட்டத்தைத் தன் லேப்டாப்புக்கு மாற்றி அவர் முன்னால் வைத்தான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. "இதுல மாமா?"

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுலயும்தான்" என்றார்.

அவள் அவர் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஜன்னலில் நேர் கம்பிகள். "வலது கண்ண மூடிக்கிட்டு கம்பியப் பாருங்க."

"லேசா நெளியுது."

"இப்ப இடது கண்ண மூடுங்க."

அவர் மூடினார். தலையை அங்கும் இங்கும் திருப்பினார். அவள் தன் முகத்தைக் கம்பிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "என்னைப் பாருங்க. என்ன தெரியுது?"

"முடி தெரியுது" என்றார். "சேலை தெரியுது."

தம்பி போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம்" என்றார்.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. திரும்பி வந்த வேலைகளின் கவர்களை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். நாலும் அப்டேட்டுக்கு முந்தினவை. அவள் கையாலேயே எழுதிய தேதிகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அந்தச் சோற்றைப் போட்டவளே அவள்தான், பார்க்காமல் விட்டிருக்கிறாள். கவர்களை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தாள்.

வியாழக்கிழமை காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தம்பிதான் ஆட்டோ பிடித்து வந்தான். கண்ணில் மருந்து விட்டு நீளமான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் ஈரக்குடைகள், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்கள். ஒரு நர்ஸ் வரிசையாக மருந்து விட்டுக்கொண்டே போனாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்றது? சமையல்காரனுக்கு நாக்கு செத்துப் போச்சுன்னா வெளிய சொல்லுவானா?"

"நான் வெளிய ஆளா?"

அவர் மூடிய கண்ணோடு இருந்தார். மருந்து கன்னத்தில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"முதல்ல மானிட்டர்தான்னு நிஜமாவே நம்பினேன்" என்றார். "மாப்ளையத் திட்டினேனே, அப்ப நான் நடிக்கல. அப்புறம் ஒரு நாள் தரையைப் பாத்தேன். டைல்ஸுக்கு நடுவுல இருக்கற கோடும் வளைஞ்சிருந்துச்சு. அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா திட்டினது திட்டினதுதான்னு விட்டுட்டேன்."

"ஐயோ."

"திங்கட்கிழமை அப்டேட் வந்துச்சே. உன்னைக் கூப்பிட்டுத் தெரியுதான்னு கேட்டேன். தெரியுதுன்னே. எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு. இத்தனை மாசமா நான் பாக்கறது யாருக்கும் தெரியல. அன்னிக்கு நீயும் பாத்தே. அந்த ரெண்டு மூணு நாள் நான் ஒண்டியா இல்ல."

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து வெளியே போனான். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் மூன்று டீ இருந்தது. ஒன்றை அவர் கையில் வைத்து, விரல்களைத் தம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டான். "சூடு, மெதுவா" என்றான். அவர் "மாப்ள" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "குடிங்க மாமா, ஆறிடும்" என்று மறித்துவிட்டான்.

கண் டாக்டர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் கட்டம் போட்டிருந்தது, நடுவில் ஒரு புள்ளி. நேற்று தம்பி திரையில் போட்டது போலவே.

வலது கண்ணில் நடுப்பகுதி தழும்பாகிவிட்டது, அது இனித் திரும்பாது என்றாள் டாக்டர். இடது கண்ணில் கசிவு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மாதா மாதம் ஊசி போட்டு அதை நிறுத்தப் பார்க்கலாம். நடமாட்டத்துக்குக் குறை இருக்காது. நுணுக்கமான வேலை வேண்டாம்.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"வந்திருக்கலாம்" என்றாள் டாக்டர், எழுதிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆல்பம் அடுக்குவதற்கு அந்த மென்பொருளில் என்ன வேண்டுமோ அது அவளுக்குத் தெரியும். முகத்தைத் தொட்டதில்லை. நகத்தளவு முகத்தை இரண்டடி உயரத்துக்குக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. பெரிதாக்கினால் கண் இரண்டு சாம்பல் கறையாக நின்றது. அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட இடது கண்ணில் கட்டு.

"மூக்குக்குக் கீழ நிழல் இருக்கா?"

"இருக்கு."

"அதைத் தொடாதே. அதைத் தொட்டா வேற ஆளாயிடும். மேல் பல்லுல ஒண்ணு முன்னால வந்திருக்கும், பாரு."

"எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குங்க."

"இருக்கும். தையல்காரம்மாவுக்கு இருக்குல்ல, அதே மாதிரி. அவங்க தங்கச்சிதானே."

அவள் இழுப்பாள், சரியில்லை என்று தோன்றினால் அதை அழிப்பாள், மறுபடி இழுப்பாள். "எப்படி வந்திருக்கு?" என்று பழக்கத்தில் திரும்பிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் "நீதான் சொல்லணும்" என்றார். நடுவில் ஒரு தடவை அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வேலை செய்தாள், நேரம் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் அந்த முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து நின்றது. அதற்குமேல் தொடப் பயந்து பிரிண்ட் போட்டாள்.

நாலரை மணிக்குத் தையல்காரம்மா வந்தாள். ஆல்பக்காரி படத்தை விரித்து மேசையில் வைத்தாள். தையல்காரம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள்.

"அப்படியே இருக்கா" என்றாள். "அப்படியே வந்து நிக்கறா. சாருக்குக் கைதான் கை. கண்ணுல கட்டோட இதப் பண்ணிக் கொடுத்திருக்கீங்களே சார். நல்லா இருக்கணும்."

அவர் செய்ததாகவே இருந்துவிடட்டும் என்று ஆல்பக்காரி நினைத்தாள். படத்தைச் சுருட்டிக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினாள்.

"நான் பண்ணலம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர், ஸ்டூலிலிருந்து. "இவதான் பண்ணா. என் கண்ணு போயிடுச்சு. வலது சுத்தமா இல்ல. இனிமே என்னால முடியாது."

அந்த அறையில் முதல் தடவையாக அவர் அதை வெளியாளிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "ஐயோ பாவமே" என்றாள். பிறகு இவள் கையிலிருந்த சுருளை வாங்கி, சுற்றின காகிதத்தை எடுத்துவிட்டு, படத்தைத் திரும்பவும் மேசையில் விரித்தாள். இந்தத் தடவை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். தையலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"காதுகிட்ட" என்றாள் கடைசியில். "என்னமோ சரியில்லையேம்மா. அவளுக்குக் காது இவ்வளவு ஒட்டி இருக்காது."

இவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தம்மாவின் மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்ன இடம் சரியான இடம்தான். அங்கே காலையிலேயே கை தடுமாறியிருந்தது.

"உக்காருங்கக்கா" என்றாள். "ஒரு மணி நேரம் ஆகும். சரி பண்ணித் தரேன்."

தையல்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைத் திறந்தாள். பின்னால் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே வந்து, சுவிட்சைத் தேடி, திரையில் கூசுகிற டியூப்லைட்டை அணைத்தார். பிறகு அங்கேயே, சுவரில் கை வைத்தபடி நின்றுகொண்டார்.

"காதோட மேல் ஓரத்துலேர்ந்து ஆரம்பி" என்றார்.